கீழே வெயில், மேலே மூடுபனி: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே டாப்ஸ் எதில் தைப்பது?

என் சித்தி மகளுக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு சேலம் அம்மாப்பேட்டையில். தினமும் காலையில் மலை ஏறி, சாயங்காலம் இறங்க வேண்டும். அதே பாதையில் நான் ஒன்பது வருடம் வேலைக்குப் போய் வந்தவள். என் துணிமணியை நானே தைத்துப் போட்டுக்கொள்பவள். அதனால் போன வாரம் எனக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கீழயும் ஆகணும், மேலயும் ஆகணும். வெயிலுக்கும் மழைக்கும் மார்கழிக்கும் ஆகணும். ஒரே தினுசுல மூணு டாப்ஸ் தெச்சு வருஷம் பூரா ஓட்டிக்கலாம்னு இருக்கேன். என்ன துணி எடுக்கட்டும், எப்படித் தெக்கட்டும்?"

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை யோசித்து உட்கார்ந்தபோது, இது அவள் ஒருத்தியின் கேள்வி மட்டும் இல்லை என்று தோன்றியது. அந்தப் பஸ்ஸில் போகிற நர்சுகள், டீச்சர்கள், ஓட்டல் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இதே சங்கடம் உண்டு. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வானிலைக் கணக்கு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கும்போது நம் உடம்பு ஒரே மணி நேரத்தில் 8 டிகிரி வித்தியாசத்தைப் பார்க்கிறது. சித்திரையில் கீழே 40 டிகிரியை நெருங்கும் மதியத்தில் மேலே 30-ஐ ஒட்டி இருக்கும். மார்கழிக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 20 டிகிரி, மேலே போய் இறங்கினால் பல்லு கிட்டும். இதோடு ஆடி முடிந்ததும் தொடங்கும் சாயங்கால மழை, ஐப்பசி கார்த்திகையின் அடைமழை, மலையில் எந்த மாதமும் சொல்லாமல் வந்து நிற்கும் மூடுபனி. ஆக, "எல்லாப் பருவத்துக்கும்" என்றால் வருடத்தில் நாலு முறை மாறுவது மட்டும் இல்லை. ஒரு நாளிலேயே இரண்டு முறை மாறுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 60-ம் நம்பர் நூலில் நெய்த கைத்தறிப் பருத்தி, கலி (மேலே குறுகிக் கீழே விரிகிற பக்கத் துண்டு) வைத்த தையல், லைனிங் ஒட்டாமல் உள்ளே தனியாகப் போடும் சிம்மீஸ். இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெரும்பாலோர் எந்தத் துணி என்று தேடியே களைத்துப் போகிறார்கள். 20 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் ஒருசேரப் பொருந்துகிற ஒற்றைத் துணி கடையில் கிடைக்காது. கழற்றவும் சேர்க்கவும் முடிகிற மாதிரி தைத்தால் சாதாரணப் பருத்தியே போதும்.

துணியில் இருந்து வருகிறேன்.

பெரும்பாலோர் முதலில் எடுப்பது ரேயான். கடையில் தொட்டுப் பார்த்தால் குளுகுளுவென்று இருக்கும், உடம்பில் விழுகிற அழகும் தனி. சேலம் வெயிலுக்கு அது மோசமான துணி இல்லை. வியர்வையை நன்றாக உறிஞ்சும். காற்றிலிருக்கும் ஈரத்தில் தன் எடையில் 100-க்கு 11 முதல் 13 பங்கு வரை வாங்கிக்கொள்ளும். பருத்தி 8.5 பங்குதான் வாங்கும். ஆனால் நனைந்ததும் ரேயானின் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். பருத்தி இதற்கு நேர்மாறு, நனைந்தால் இன்னும் கொஞ்சம் பலம் கூடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓர் ஐப்பசி மாலை ஏற்காடு பஸ் நிலையத்தில் நின்று நனைந்தேன். புதிதாகத் தைத்த ரேயான் டாப்ஸ் தண்ணீர் குடித்துக் கனத்து, ஒரு சாண் கீழே இறங்கி, காலோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வளைவில் வண்டி ஒடித்துத் திரும்பியபோது அக்குளில் சர்ரென்று கிழிந்தது. தையல் விடவில்லை, தையலுக்குப் பக்கத்தில் துணியே கிழிந்தது. அடிவாரம் வரும் வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு குளிரில் நடுங்கினேன். கீழேயே இருந்து கீழேயே வேலை பார்க்கிறவர்கள் ரேயானைத் தாராளமாகத் தைக்கலாம். மலை ஏறுகிறவர்களுக்கு நான் வேண்டாம் என்பேன். வெட்டும்போது வழுக்குவதும், வீட்டு மிஷினில் புதிதாகத் தைப்பவரை அழவைப்பதும் இதோடு சேர்த்தி.

பாலியெஸ்டர் கலந்த பருத்திக்கு ஒரே ஒரு நல்ல குணம்: சீக்கிரம் காயும், இஸ்திரி கேட்காது. மலையில் மூன்று நாள் வெயில் வராத வாரத்தில் அந்தக் குணத்தின் அருமை தெரியும். ஆனால் பாலியெஸ்டர் இழை ஈரத்தில் 100-க்கு அரைப் பங்கைக்கூட வாங்காது. வியர்வை உடம்பிலேயே நிற்கும். சித்திரையில் அடிவாரத்தில் இறங்கியதும் முதுகெல்லாம் வழிகிற அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இதை ஒதுக்கிவிட்டேன். கடையில் "சுத்தக் காட்டன்" என்று சொல்லிக் கொடுத்த துணியே எனக்கு ஒரு தடவை இப்படிக் கலப்பாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் ஓரத்தில் ஓர் இழையை உருவி வீட்டில் தீக்குச்சியில் காட்டிப் பார்ப்பேன். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். ரேயானும் காகிதம் மாதிரியேதான் எரியும், அதனால் ஏமாறக் கூடாது. அதற்கு வேறு சோதனை: இழையின் நடுவை நாக்கில் நனைத்து இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்தால் ரேயான்.

லினன் எனக்கு மிகவும் பிடித்த துணி. ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார். ஈரத்தை வாங்குவதில் பருத்தியை மிஞ்சும், சீக்கிரம் காயும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். ஏழு வருடத்துக்கு முன்னால் தைத்த ஒன்று இன்னும் என் அலமாரியில் புதிது மாதிரி இருக்கிறது. அப்படியிருந்தும் தங்கைக்கு அதைச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் லினன் விலையில் நான் கைத்தறிப் பருத்தி இரண்டு மீட்டருக்கு மேல் வாங்கிவிடுவேன். மூன்று டாப்ஸ் என்றால் முதல் மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும். இன்னொன்று, பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மடி முழுக்கக் கசங்கல். வகுப்பறையில் பிள்ளைகள் முன்னால் போய் நிற்கப் போகிறவளுக்கு அது மனக்குறையாகத்தான் இருக்கும். வசதியும் கசங்கலைப் பொருட்படுத்தாத மனசும் இருந்தால் லினன் எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு பட்டை விட முடியுமா? புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு நம் ஊர்ச் சொத்து. இளம்பிள்ளைக்குப் போனால் தெருவுக்குத் தெரு சில்க் காட்டன் சேலை. கண்ணைப் பறிக்கிற அந்தச் சேலை ஒன்றை எடுத்து டாப்ஸ் தைக்க ஆசை வரும். பட்டு குளிருக்கு இதம் என்பதும் உண்மைதான். ஆனால் இறுக்கமாக வரும் இடங்களில், முக்கியமாக முதுகிலும் அக்குளிலும், இழைகள் தையலை விட்டு விலகிச் சல்லடை மாதிரி ஆகிவிடும். தினமும் கசக்கித் துவைக்கவும் முடியாது. பொங்கலுக்கும், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் ஒன்று தைத்துக்கொள்ளட்டும்.

கதரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் காற்று தங்கும். காற்று தங்குகிற துணி குளிரில் கதகதப்பாக இருக்கும். தங்கை நாகலூர்ப் பக்கம் வீடு எடுத்து மலையிலேயே தங்குவதாக இருந்தால் யோசிக்காமல் கதரைத்தான் சொல்லியிருப்பேன். தினமும் கீழே இறங்குகிறவளுக்கு அது சித்திரையில் கனம். மழைக்காலத்தில் துவைத்துப் போட்டால் இடுப்புப் பக்கம் இரண்டாம் நாளும் ஈரமாகவே இருக்கும்.

மிஞ்சுவது கைத்தறிப் பருத்தி. அதிலும் எந்த நம்பர் என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டா (நூல் கட்டு) எத்தனை இருக்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 60-ம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில், 50,400 கெஜம் நூல். ஏறத்தாழ 46 கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஏற்காடு போய்ப் பாதி வழி திரும்பி வருகிற தூரம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். 40-ம் நம்பர் கெட்டியாக உழைக்கும், ஆனால் கோடையில் கொஞ்சம் கனக்கும். 80-ம் நம்பர் பூ மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது தெரியும், முள்ளிலோ ஆணியிலோ பட்டால் போச்சு. எனக்கு 60 சரியாக இருக்கிறது. துணியைக் கையில் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல்களின் நிழல் தெரிய வேண்டும், ரேகை தெரியக் கூடாது. அதுதான் என் அளவு.

இதை வாங்க வெளியூர் போக வேண்டியதில்லை. 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிற ஊர் நம்முடையது. அம்மாப்பேட்டையிலும் குகைப் பகுதியிலும் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ கைத்தறி முத்திரை பார்த்து எடுக்கலாம். மீட்டர் துணியில் பிடித்த நிறம் கிடைக்காவிட்டால் கரை சின்னதாக உள்ள பருத்திச் சேலை ஒன்றை எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு டாப்ஸ் போக இன்னொன்றுக்கும் ஏறக்குறைய வரும், கரையைக் கைக்கும் கீழ் ஓரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

லைனிங்கா, சிம்மீஸா?

டெய்லரிடம் கொடுத்தால் கேட்காமலே லைனிங் வைத்துவிடுவார். மெல்லிய துணிக்கு அது மரியாதை என்று நினைப்பு. ஒட்டித் தைத்த லைனிங்கில் மூன்று தொல்லைகளை நான் கண்டிருக்கிறேன். மேல் துணியும் லைனிங்கும் ஒரே அளவில் சுருங்காது. நாலு துவைப்பில் லைனிங் சுருங்கி மேல் துணியை இழுக்கும், கீழ் ஓரம் அலை அலையாக நிற்கும். ஆசை ஆசையாகத் தைத்த ஒரு நீல டாப்ஸை இப்படித்தான் இழந்தேன். பிரித்துத் தைத்தும் சரியாகவில்லை. அடுத்தது, இரண்டு துணி சேர்ந்த இடம் காய நேரமாகும். மழை மாதத்தில் அந்த இடுக்கில்தான் பூஞ்சணம் பிடிக்கும், வாடை வரும். இந்த இரண்டையும்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்கவே முடியாதது கோடை. லைனிங்கைச் சித்திரையில் கழற்ற முடியாது, மார்கழியில் இன்னொன்று சேர்க்கவும் முடியாது.

குளிரில் நம்மைக் காப்பது துணியை விட, துணிக்கும் துணிக்கும் நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான். ஒரு கெட்டித் துணியை விடத் தளர்வான இரண்டு மெல்லிய துணிகள் கதகதப்பாக இருப்பது அதனால்தான். தனியாகப் போடும் சிம்மீஸ் அந்த வேலையைச் செய்யும். அதோடு வியர்வை முதலில் படுவது சிம்மீஸில் என்பதால் தினமும் அதை அலசிப் போட்டால் போதும். மேலே போடும் டாப்ஸை இரண்டு நாளுக்கு ஒரு தடவை துவைக்கலாம். சாயம் நிற்கும், உழைப்பும் கூடும்.

கோடைக்கு உரிய சிம்மீஸுக்கு என் தேர்வு பழைய பருத்தி வேட்டி. இருபது முப்பது தடவை துவைத்துக் கஞ்சி, முடமுடப்பு எல்லாம் போன வேட்டியை விட மென்மையான துணியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பிறந்த குழந்தைக்கு அதைத்தானே தேடி எடுக்கிறோம். நாலு முழ வேட்டி என்றால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 50 இன்ச் அகலம். குறுக்கே முன்பக்கமும் பின்பக்கமும் 24 இன்ச்சாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டினால், நாலு முழத்தில் முழங்கால் வரை வருகிற சிம்மீஸ் ஒன்று தாராளமாக வந்து, இன்னொன்றுக்கும் பெரும்பாலும் வந்துவிடும். கை வேண்டாம், தோளில் இரண்டு இன்ச் பட்டி போதும். ஓட்டை விழுந்த இடம், மடிப்பில் இற்ற இடம் வராமல் பார்த்து வெட்ட வேண்டும். மார்கழிக்குக் கை நீண்ட பனியன் துணி சிம்மீஸ் ஒன்று தேவை. அதைத் தைக்கச் சொல்ல மாட்டேன். பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும், சாதாரண ஊசியில் தையல் தாவும். பக்கத்திலேயே திருப்பூர் இருக்கும்போது கடையில் வாங்கிவிடலாம்.

சிம்மீஸில் ஒரே குறை, நடக்கும்போது மேல் துணி அதன் மேல் ஏறி நிற்பது. இரண்டும் பருத்தி என்றால் உரசிப் பிடித்துக்கொள்ளும். சிம்மீஸை இடுப்புக்குக் கீழே டாப்ஸை விட இரண்டு இன்ச் குறுகலாக வெட்டினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

வெட்டும் தையலும்

மூன்று விதம் பரிசீலித்தோம். இரண்டு பக்கமும் ஸ்லிட் விட்ட நேரான டாப்ஸ், மார்புக்குக் கீழே சுருக்கு வைத்த கவுன் மாதிரி, கலி வைத்தது. ஸ்லிட் வைத்தது தைக்கச் சுலபம், துணியும் குறைவு. ஆனால் மலைக்காற்று அந்தப் பிளவில் நேராக உள்ளே புகும், காற்று அடிக்கிற இடத்தில் ஒரு கை எப்போதும் துணியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். சுருக்கு வைத்தது பார்க்க நன்றாக இருக்கும். சுருக்குச் சேருகிற வரியில் துணி மூன்று மடங்காகி வெயிலில் அங்கேதான் வியர்க்கும், மழையில் அங்கேதான் காயாது. கலி வைத்ததில் இந்த இரண்டும் இல்லை. மேலே உடம்போடு நின்று, இடுப்புக்குக் கீழே விரிந்து, பஸ் படி ஏறக் காலுக்கு இடம் கொடுக்கும். பிளவு இல்லாததால் குளிரும் புகாது. கோடையில் நடக்கும்போது கீழிருந்து காற்று ஏறி இறங்கும்.

கலி என்றால் துணி நிறையப் பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம். 34 இன்ச் மார்பளவுக்கு என் கணக்கு இது. துணி அகலம் 44 இன்ச், டாப்ஸ் நீளம் 44. நடுப் பாகம் முன்னுக்கும் பின்னுக்கும் 14 இன்ச் அகலத்தில் இரண்டு. அதே வரிசையில் 14 இன்ச் அகலப் பட்டை ஒன்று, அடுத்து 38 இன்ச் நீளத்தில் இன்னொன்று. ஒவ்வொரு பட்டையையும் ஒரு முனையில் 4, மறுமுனையில் 10 என்று குறித்துச் சாய்வாக வெட்டினால் இரண்டு கலி. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டும் மேலே 4, கீழே 10 ஆகிவிடும். துண்டு வீணாகாது. தையலுக்குப் போக மார்பில் 38 இன்ச் சுற்று வரும், நாலு இன்ச் லூஸ். கீழ்ச்சுற்று 62. இரண்டாவது பட்டைக்குப் பக்கத்தில் இரண்டு முக்கால் கையும் அடங்கிவிடும். இரண்டரை மீட்டரில் முடியும், சுருங்குவதற்கும் பாக்கெட்டுக்கும் சேர்த்து 3 மீட்டர் எடுங்கள். தலைகீழாகத் திருப்புவதால் மேல் கீழ் உள்ள பூ டிசைன் இதற்கு ஆகாது; ஒரே நிறமோ சின்னக் கட்டமோ எடுக்க வேண்டும். கைத்தறியில் அகலம் தறிக்குத் தறி மாறும், 36 இன்ச்சாக இருந்தால் அரை மீட்டர் கூடும்.

கலியின் சாய்வு ஓரம் இழுத்தால் நீளும். அதை நடுப் பாகத்தின் நேர் ஓரத்தோடு சேர்த்துத் தைத்தால் அடங்கி நிற்கும். சேர்த்த பிறகு உடனே கீழ் ஓரம் மடிக்கக் கூடாது. ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். இறங்குகிற பக்கம் இறங்கட்டும், காலையில் சமமாக வெட்டி மடிக்கலாம். நீளத்தைக் கணுக்கால் வரை விட வேண்டாம். மலையில் புல்லும் சேறும் விடியலில் நனைந்தே இருக்கும். கெண்டைக்கால் பாதியோடு நிறுத்துவது நல்லது.

இப்போது சொல்லப் போவது பெரும்பாலான தையலில் தவறுகிற இடம். லூஸாக இருக்கட்டும் என்று ஆர்ம்ஹோலை, அதாவது கை சேருகிற வளைவை, ஆழமாக வெட்டுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வெட்டினேன். 8 இன்ச் இறக்கி வெட்டிய டாப்ஸைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். டாப்ஸ் முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறும். கை தூக்கும்போது துணி வர வேண்டிய இடம் அக்குள்தான். ஆழமாக வெட்டினால் அந்தத் துணியை இடுப்பிலிருந்து இழுக்கிறது. 20 வளைவுக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு இது ஒவ்வொரு நாளும் வேதனை. கரும்பலகையில் மேல் வரி எழுதும்போதும் இதே கதைதான். 34 மார்பளவுக்கு ஆறரையிலிருந்து ஏழு இன்ச்சுக்குள் ஆர்ம்ஹோலை நிறுத்தி, அக்குளில் நாலரை இன்ச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால் கை வானத்துக்கு உயர்ந்தாலும் டாப்ஸ் நகராது. பழைய ஜிப்பா தைப்பவர்கள் இதைக் காலம் காலமாகச் செய்கிறார்கள். சதுரத் துண்டின் மூலைவாட்டு இழுவை கைக்கு நெகிழ்வு தரும். வியர்வையில் முதலில் இற்றுப் போவதும் அந்தத் துண்டுதான், அதை மட்டும் பிரித்துப் புதிதாக வைத்துவிடலாம். என்னுடைய பழைய டாப்ஸ் ஒன்றில் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்.

கழுத்துக்குக் கிராஸ் பீஸ் (துணியில் சாய்வாக வெட்டிய பட்டி) வைத்து மடியுங்கள், கான்வாஸ் பட்டி வேண்டாம். கையை முக்கால் அளவில் நிறுத்துங்கள். கீழே வெயிலில் மடித்துவிடலாம், மேலே இறக்கிவிடலாம். பாக்கெட் கட்டாயம்: பக்கத் தையலில், கை மணிக்கட்டு வரை உள்ளே போகிற ஆழத்தில். பஸ் காசுக்கும் போனுக்கும் மட்டும் இல்லை, மார்கழியில் விரல்களை ஒளித்துக்கொள்ளவும் வேண்டும்.

ஓரம் பிசிராமல் தைக்கிற ஓவர்லாக் மிஷின் வீட்டில் இல்லாவிட்டால் ஃபிரெஞ்சு தையல் போடலாம். நல்ல பக்கம் வெளியே தெரிய முதலில் கால் இன்ச்சில் ஒரு தையல், ஓரத்தைக் கத்தரித்து, உள்ளே திருப்பி இன்னொரு தையல். பிசிர் வெளியே வராது, தோலில் உறுத்தாது. 60-ம் நம்பர் துணிக்கு 11-ம் நம்பர் ஊசி. 14 போட்டால் ஓட்டை தெரியும்.

வெட்டுவதற்கு முன்னால் ஊறவைப்பதை மட்டும் யாரும் தாண்டிவிடாதீர்கள். பாவுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, கஞ்சி போட்டுத்தான் கைத்தறியில் நெய்கிறார்கள். அந்தக் கஞ்சி போனால்தான் துணியின் உண்மையான அளவு தெரியும். 100 இன்ச்சுக்கு 3 முதல் 5 இன்ச் வரை சுருங்கலாம். ராத்திரி முழுவதும் ஊறவிட்டு, காலையில் அலசி, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுப் பிறகு வெட்ட வேண்டும். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சரியாக ஏற்றாத சாயத்தை உப்பு காப்பாற்றாது. தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுவதுதான் வழி. நாலு தடவை அலசியும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டியதுதான்.

தைத்த பிறகு கஞ்சி போடலாமா என்றும் கேட்டாள். ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்தில் கஞ்சிக்குப் பஞ்சமா? கோடையில் நீர்க்கப் போடலாம், துணி உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்கும். புரட்டாசி தொடங்கி மார்கழி வரை வேண்டாம். கஞ்சி போட்ட துணி ஈரக்காற்றில் நமுத்துப் போகும், பூஞ்சணத்துக்கும் அது சாப்பாடு.

மேலே போட ஸ்வெட்டரா, சால்வையா என்பதில் எனக்கு அதிகம் யோசனை இல்லை. முன்பக்கம் பட்டன் வைத்த, கையில்லாத ஸ்வெட்டர். நெஞ்சும் முதுகும் மூடினால் போதும். முக்கால் கை டாப்ஸும் உள்ளே கை நீண்ட சிம்மீஸும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடிவாரம் வந்ததும் கழற்றிப் பையில் மடித்து வைக்கலாம். சால்வை பஸ்ஸில் நழுவிக்கொண்டே இருக்கும்.

மூன்று டாப்ஸையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் ஒன்று. அதைப் போட்டு ஒரு வாரம் மலை ஏறி இறங்கட்டும், எங்கே இழுக்கிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்துகொண்டு மற்ற இரண்டையும் வெட்டலாம். இன்று காலை அனுப்பிய செய்தியும் அதுதான்: "ஞாயித்துக்கெழமை வா கண்ணு. மூணு மீட்டர் மட்டும் எடு, சனிக்கெழமை ராத்திரியே ஊறப் போட்டுரு. அளவுக்கு உனக்குச் சரியா இருக்கற பழைய டாப்ஸ் ஒண்ணும், சித்தப்பாவோட நைஞ்ச வேட்டி ஒண்ணும் கொண்டாந்துரு. சித்தப்பாகிட்டக் கேட்டு எடு, அவருக்குப் புடிச்ச வேட்டியா இருக்கப் போகுது."